ப்ரோக்கர் தமிழ் பேசுறாருன்னு பெங்களூர்ல வீடு வாங்கிடாதீங்க

வந்து ஆறு மாசம் ஆகியிருக்காது, அதுக்குள்ள "வாடகை கொட்டுற காசுக்கு இஎம்ஐ கட்டிடலாமே"ன்னு வீட்ல பேச்சு ஆரம்பிச்சிருக்கும். தப்பில்ல. நானும் மதுரைல இருந்து வந்து கே.ஆர்.புரத்துல வாடகைக்கு இருந்துட்டு ரெண்டாவது வருஷமே ஃப்ளாட் பாக்க கிளம்பினவன் தான்.

ப்ரோக்கர் திருவண்ணாமலைக்காரர். "நம்ம ஊர்க்காரங்ககிட்ட போய் கமிஷன் பாப்பேனா சார்"னு சொல்லி வீட்டுக்காரம்மா சுட்ட முறுக்கு வேற ஒரு டப்பா குடுத்தாரு, நான் அங்கயே விழுந்துட்டேன். ராமமூர்த்தி நகர் தாண்டி ஒரு ஃப்ளாட், டோக்கன் 1 லட்சம், கைல ஒரு துண்டு ரசீது, அவ்ளோதான். ஈசி, அதாவது வில்லங்க சான்றிதழ் காட்டினாரு, முழுக்க கன்னடம், பஸ் போர்டு கூட படிக்கத் தெரியாதவன் நாலு பக்கத்தையும் பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டு தலைய ஆட்டிட்டு வந்தேன். மறுநாள் ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல கூட வேலை பாக்குற கன்னட பையன் படிச்சிட்டு ரெண்டாவது பக்கத்துல விரல வெச்சான். "அடமானா"ன்னு இருக்கு ப்ரோ, இன்னும் க்ளியர் ஆகலங்கிறான். நம்ம வார்த்தையே தாங்க! எழுத்து தெரியாததால கண்ணு முன்னாடி இருந்தும் தெரியல. டோக்கன்ல 40 ஆயிரம் தான் திரும்பி வந்துச்சு, அதுவும் மூணு மாசம் அலைஞ்சு.

அதனால மொத வேலை, கன்னடம் படிக்கத் தெரிஞ்ச வக்கீல், நீங்களா தேடின வக்கீல், ப்ரோக்கரோ பில்டரோ கை காட்டுற ஆள் வேண்டாம். ஈசிய காவேரி ஆன்லைன்னு இருக்கிற கர்நாடக பத்திரப்பதிவு சைட்ல நீங்களே எடுக்கலாம், 2004க்கு முந்தினதுக்கு சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் போகணும். 30 வருஷத்துக்கு எடுங்க.

அடுத்தது காத்தா. நம்மாளுங்க "பட்டா இருக்கா"ன்னு கேப்பாங்க, அவங்க "காத்தா இருக்கு சார்"னு சொன்னதும் நிம்மதி ஆயிடுவாங்க. காத்தாங்கிறது சொத்து வரி யார் பேர்ல இருக்குங்கிற கணக்கு தான், நீங்க தான் ஓனர்னு அது சொல்லாது, அதுக்கு தாய்ப்பத்திரத்துல இருந்து கை மாறின பத்திரம் எல்லாத்தையும் செயினா பாக்கணும். 2024 அக்டோபர்ல இருந்து ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இ-காத்தா, அதாவது ஆன்லைன் காத்தா கட்டாயம் ஆனதும் "இ-காத்தா வந்துடுச்சு, எல்லாம் பக்கா"ன்னு விக்கிறாங்க. ஆனா காத்தால ஏ, பி-ன்னு ரெண்டு வகை இருக்கு, ஏ-வும் இ-காத்தால வருது, பி-யும் இ-காத்தால வருது. பி-ன்னா அப்ரூவல்ல ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம், நிறைய பேங்க் லோனே தராது.

அப்புறம் ஓசி. நம்ம ஊர்ல ஓசின்னா சும்மா கெடைக்கிறது, இங்க சும்மா இல்ல, லேசுல கெடைக்கவே கெடைக்காது. பில்டிங்ல குடி போகலாம்னு குடுக்கிற சர்டிஃபிகேட். "சிசி இருக்கு சார்"னு மழுப்புவாங்க, நாம அத வேலை முடிஞ்சதுக்கான கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்னு நெனைப்போம், இந்த ஊர்ல சிசின்னா பாதி நேரம் கட்டட வேலை ஆரம்பிக்க குடுத்த பர்மிஷன். 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், ஓசி மாதிரி சர்டிஃபிகேட் இல்லாம கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, அதனால இத லேசா விடாதீங்க. கட்டிட்டு இருக்கிற ப்ராஜெக்ட்னா ரேரா (ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கிற அரசு அமைப்பு) நம்பர் போட்டு கர்நாடகா ரேரா சைட்ல பாருங்க, அக்ரிமெண்ட் ரெஜிஸ்டர் பண்ணாம 10 சதவீதத்துக்கு மேல வாங்க சட்டத்துல எடமே இல்ல.

காசு கணக்கு சுருக்கமா. 80 லட்சம் ஃப்ளாட்னா பேங்க் 80 சதவீதம் குடுத்தாலும் கையில இருந்து 16 லட்சம். ஸ்டாம்ப் ட்யூட்டி, செஸ் எல்லாம் 5.6, ரெஜிஸ்ட்ரேஷன் 2025 ஆகஸ்ட் கடைசில இருந்து 2, ஆக 7.6 சதவீதம், அதாவது இன்னொரு 6 லட்சத்துக்கு மேல, இதுக்கு லோன் கெடையாது. ஓசி வராத ஃப்ளாட்னா ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. கப்போர்டு, ஜன்னல் வலை, யுபிஎஸ்னு அப்புறம் வர்றத நான் சொல்லவே இல்ல.

கடைசியா தண்ணி, ரெண்டு விதமாவும். 2022 செப்டம்பர்ல அவுட்டர் ரிங் ரோட்டுல ஐடி ஆளுங்க ட்ராக்டர்ல ஆபீஸ் போனத டிவில பாத்திருப்பீங்க, ராஜகாலுவேய, அதாவது மழைத்தண்ணி ஓடுற பெரிய கால்வாய மறிச்சுக் கட்டினா அப்படித்தான். திஷாங்க்னு கவர்மெண்ட் ஆப் இருக்கு, சைட்ல நின்னுட்டு தொறந்தா சர்வே நம்பர் காட்டும், கால்வாய் எங்க ஓடுதுன்னும் பாத்துக்கலாம். 2024 கோடைல அதே ஊர்ல குடிக்கத் தண்ணி இல்ல. அதனால சாம்பிள் ஃப்ளாட்டோட சோஃபாவ பாக்குறத விட்டுட்டு காலைல ஆறு மணிக்கு கேட்டுல போய் நில்லுங்க. ஹொரமாவுல நாங்க அப்படி நின்னப்ப வாட்ச்மேன் கிருஷ்ணகிரிக்காரர், டீ வாங்கிக் குடுத்து "காவேரி தண்ணி வருதாண்ணே"ன்னு கேட்டேன். பைப் இருக்குப்பான்னாரு. தண்ணி? "தண்ணி டேங்கர்ல வருது, ஒரு நாளைக்கு எட்டு லோடு." புரோஷர்ல காவேரி கனெக்‌ஷன்னு தான் போட்டிருந்தான், அதுவும் பச்சை கலர்ல டிக் மார்க்கோட.