ஆப் 1200ங்குது, ஜிம் மாஸ்டர் 1358க்கு கீழ போகாதேங்கிறார், யார் சொல்றத கேக்குறது?

ஹட்டன்_மயில்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 34, ஒயரம் 155 சென்டிமீட்டர், வெயிட் 72 கிலோ. ஹட்டன் டவுன்ல ஒபிஸ் வேல, காலைல ஒக்காந்தா சாயந்தரம்தான் கதிரைய விட்டு எழும்புறது. போன்ல கலோரி ஆப் ஒன்னு போட்டேன், வெயிட் கொறையணும்னா ஒரு நாளைக்கு 1200 கலோரிதான்னு சொல்லுது. ஜிம் மாஸ்டர்கிட்ட கேட்டா ஒங்க பீஎம்ஆர் 1358, அதுக்கு கீழ போனா ஒடம்பு பூட்டிக்கும், அப்புறம் தண்ணி குடிச்சாலும் ஊதும்னு பயங்காட்டுறார். எது சரி?

டிக்கோயா_தம்பி:
மாஸ்டர் சொன்னதுதான் சரி அக்கா. பீஎம்ஆர்ங்கிறது நீங்க நாள் பூரா படுத்தே கிடந்தாலும் இருதயம், மூளை, ஈரல், கிட்னி எல்லாம் ஓடுறதுக்கு வேண்டியது. அதையே குடுக்கலன்னா ஒடம்பு எங்க போகும்? ஸ்டார்வேஷன் மோட், பட்டினின்னு நெனச்சு எரிக்கிறத நிப்பாட்டிரும். 1000 கலோரி சாப்பிட்டும் ஒரு கிலோ எறங்காத ஆளுங்கள எங்க ஜிம்லயே பாத்திருக்கேன்.

பண்டாரவளை_அக்கா:
தம்பி, எங்க போகும்னா சேத்து வச்ச கொழுப்புக்குத்தான் போகும், அதுக்குத்தானே இவ்ளோ பாடு. பீஎம்ஆர் ஒடம்பு ஒரு நாளைக்கு செலவழிக்கிற அளவு, அத்தனையும் வாய் வழியாத்தான் வரணும்னு ஒரு சட்டமும் இல்ல.

மயிலு, அந்த 1358 எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க. 1990ல வந்த மிஃப்லின் கணக்கு அது. கிலோவ 10ஆல பெருக்கி, சென்டிமீட்டர 6.25ஆல பெருக்கி ரெண்டையும் கூட்டி, வயச 5ஆல பெருக்கி கழிச்சு, பொம்பளைங்கன்னா இன்னும் 161 கழிக்கணும், ஆம்பளைங்கன்னா 5 கூட்டணும். ஒக்காந்த வேலைன்னு அத 1.2ஆல பெருக்கினா நாள் முழுக்க செலவு 1629, வெயிட் கொறையிறதுக்காக அதுல 500 கழிச்சா 1129 வரும். பொம்பளைங்களுக்கு 1200க்கு கீழ காட்டாம நிறைய ஆப் நிப்பாட்டிரும், ஒங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும். ஆப்பும் மாஸ்டரும் ஒரே கணக்கதான் ரெண்டு விதமா சொல்றாங்க, அதுவும் ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் பத்து சதவீதம் கூடவோ கொறையவோ இருக்கலாம்.

டிக்கோயா_தம்பி:
அப்ப பிக்கஸ்ட் லூஸர் ஆளுங்க கதை? அமெரிக்கா டீவி போட்டில மெலிஞ்சவங்கள ஆறு வருசம் கழிச்சு சோதிச்சு 2016ல ரிசர்ச்சா வந்துச்சே. அவங்க ஒடம்பு எரிக்க வேண்டியதவிட நாளைக்கு சுமார் 500 கலோரி கொறச்சு எரிச்சுச்சாம். இது பூட்டு இல்லாம வேற என்னா?

பண்டாரவளை_அக்கா:
நல்ல கேள்வி. ஆனா அந்த 14 பேரும் போட்டில சராசரியா 58 கிலோ கிட்ட எறக்கினவங்க தம்பி. பூட்டிக்கிட்டா 58 கிலோ எப்பிடி எறங்கும்? 1944 - 45ல மினசோட்டால 36 ஆம்பளைங்கள அரைப்பட்டினி போட்டு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுலயும் எரிக்கிற வேகம் நல்லா எறங்குச்சு, ஆனா எடையும் கால்வாசி போச்சு. குளிரு, சிடுசிடுப்பு, எந்நேரமும் சாப்பாட்டு நெனப்புன்னு பாடாப்பட்டாங்க. வேகம் கொறையும்ங்கிறது நெசம், நின்னு போகும்ங்கிறது பொய். 1000 சாப்பிட்டும் எறங்கலங்கிற ஆளு எதையோ எழுதாம விட்டிருப்பாரு, இல்லாட்டி தண்ணி கோத்திருக்கும், இல்லாட்டி தைரொய்ட் பாக்கணும்.

லயத்து_ராசா:
என்னாங்க இது கணக்கு வாத்தியார் கிளாஸா. எங்கம்மா விடியக்காலைல ரெண்டு ரொட்டியும் கட்டசம்பலும் தின்னுட்டு மலைக்கு கொழுந்தெடுக்க போவாங்க, பகலுக்கும் ரொட்டி, ராவைக்கு சோறு. ஒரு கலோரியும் எண்ணல, கடைசி வரைக்கும் ஒல்லிதான். அதுவும் நம்ம நுவரெலியா குளிருக்கு ஒடம்பே சூடாக்க எரிச்சிரும். இந்த ஆப்பெல்லாம் கொழும்பு ஏசிக்குள்ள இருக்குறவனுக்கு.

பண்டாரவளை_அக்கா:
அண்ணே, அம்மா கூடைய முதுகுல போட்டு நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி எறங்குனாங்க, அவங்களுக்கு 1.2ஆல பெருக்க முடியுமா, 1.7க்கு மேல போகும். அதே ரொட்டிய மக ஒபிஸ் கதிரைல ஒக்காந்து சாப்பிடுறா, சண்டையே அங்கதான். நம்மள்ல பாதிப்பேருக்கு தட்டு இன்னும் மலையிலதான் இருக்கு, வேல மட்டும் டவுனுக்கு எறங்கிருச்சு. குளிரு விசயம், நடுங்குனா எரியும்தான், ஆனா ஜேர்சி, கம்பளி, சூடா தேத்தண்ணின்னு நம்ம யாராவது நடுங்கவா விடுறோம்?

ஹட்டன்_மயில்:
அண்ணே சொன்ன ரொட்டி எங்க வீட்லயும் இருக்கு. அரை கிலோ மாவு, அரை தேங்காய், அம்மா ஆறு ரொட்டி சுடுவாங்க, எனக்கு ரெண்டு. ஒபிஸ்ல பால் டீ நாலு, பால்மா ரெண்டு பெரிய கரண்டி, சீனி ரெண்டு. பகலுக்கு சோறு பருப்பு கறி, ராவைக்கும் அதான்.

பண்டாரவளை_அக்கா:
பாருங்க. அரை கிலோ மாவு 1750 கிட்ட, அரை தேங்காய்ப்பூ 500 கிட்ட, ஆறால வகுத்தா ஒரு ரொட்டி 375 வருது. ரெண்டு தின்னா 750. பால்மா ரெண்டு கரண்டி சுமார் 100, சீனி 40, ஆக ஒரு கோப்ப 140, நாலு கோப்ப 560. ரொட்டியும் டீயுமே 1310, ஆப் சொன்ன 1200 இதுலயே தாண்டிருச்சு, சோறும் கறிக்கு ஊத்துன எண்ணெயும் இன்னும் வரல, எண்ணெய் வேற ஒரு மேசைக்கரண்டி 120. டீய ரெண்டாக்கி மத்ததுக்கு சீனியில்லா பிளேன்டீ குடிச்சா அங்கயே 280 மிச்சம். 1350 கிட்ட நில்லுங்க, மாசத்துக்கு ஒரு கிலோ கிட்ட எறங்கும், ஏன்னா ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி. மூணு நாலு வாரம் சராசரி பாருங்க, மாதவிடாய் சமயத்துல தண்ணி கோத்து தராசு கூட காட்டும், அதுக்கு பயப்படாதீங்க. சராசரி எறங்கலன்னா இன்னும் ஒரு 100 கொறைங்க.

ஒன்னு கேக்க மறந்துட்டேன், சீனி வருத்தம் ஏதும் இருக்கா? இன்சுலின், கிளிக்ளசைட் மாதிரி சீனி மருந்து எடுக்குறவங்க டொக்டர்கிட்ட சொல்லாம சாப்பாட்ட கொறைச்சா சீனி எறங்கி மயக்கம் போட்டுரும். பிள்ளைக்கு பால் குடுக்குறவங்களும் இந்தக் கணக்குல போகக்கூடாது.

ஹட்டன்_மயில்:
இல்லக்கா, எல்லாம் நோர்மல்.

டிக்கோயா_தம்பி:
சரி, ஆனா புரோட்டீன் இல்லாம கொறைச்சா தசதான் போகும், தச போனா பீஎம்ஆரும் போகும். அதனாலதான் மாஸ்டர் பவுடர் எடுக்க சொல்றார்.

லயத்து_ராசா:
அடேய், கடைசில பவுடர் டின்னுக்குதான் வருவன்னு எனக்கு அப்பவே தெரியும்.

பண்டாரவளை_அக்கா:
புரோட்டீன் விசயத்துல தம்பி சொல்றது சரிதான், வெயிட்ட கொறைக்கிறப்போ கிலோவுக்கு 1.2 கிராமாவது வேணும். ஆனா டின் எதுக்கு? சோயா மீட் காய்ஞ்சது 100 கிராம்ல 50 கிராம் கிட்ட இருக்கு, வேக வைக்காத பருப்புல 24 கிராம் கிட்ட, நெத்தலி கருவாடு, முட்டை எல்லாம் டவுன்லயே கிடைக்குது. சோத்துல ஒரு அகப்பைய கொறைச்சு பருப்ப ஒரு அகப்பை கூட்டுனாலே போதும்.

டிக்கோயா_தம்பி:
சோயா மீட்ட தெனமும் யார் திங்கிறது அக்கா, மூணாம் நாளே வாய் கூசும். 1350ங்குறது இன்னும் கொறவுன்னுதான் நான் சொல்லுவேன், 1500ல ஆரம்பிச்சு எறங்கலன்னா கொறைங்க.

பண்டாரவளை_அக்கா:
1500ல ஆரம்பிக்கிறதும் ஒன்னும் தப்பில்ல, மெதுவா எறங்கும், அவ்ளோதான். மயிலு, நாளைக்கு அம்மாவ அதே அரை கிலோ மாவுல ரொட்டி எட்டா சுட சொல்லுங்க.