அம்மாவுக்கு வந்த நூறு டாலர்

வாட்ஸ்அப் குழு: வடக்கு மாசி வீதி வீடு

பிப்ரவரி 2025, ஞாயிறு

அம்மா: தபாலில் எனக்கு நான்கு சீட்டு வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 25 டாலர் என்று போட்டிருக்கிறது. சியாட்டில் மாநகராட்சி அனுப்பியதாம். எந்தக் கடையில் கொடுப்பது என்று தெரியவில்லை. மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சித்தி: நூறு டாலரா! அக்கா, நல்ல குக்கர் ஒன்று வாங்கிவிடு.

மாமா: மாநகராட்சி சும்மா பணம் கொடுக்குமா? ஓடிபி கேட்டால் சொல்லாதே.

நான்: மோசடி இல்லை மாமா. போன மாதம் அம்மாவிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினேனே, அதற்கு வந்தது. டெமாக்ரஸி வவுச்சர் என்று பெயர். குக்கர் வாங்க முடியாது சித்தி. உள்ளூர்த் தேர்தலில் நிற்பவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். சீட்டில் வேட்பாளர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த 25 டாலரை மாநகராட்சி அவருடைய பிரசாரக் கணக்கில் போடும்.

மாமா: இங்கே தேர்தல் வந்தால் வேட்பாளர் நமக்குக் கவர் கொடுக்கிறார். அங்கே நாம் அவருக்குக் கவர் கொடுக்க வேண்டுமா? உலகம் தலைகீழாக அல்லவா இருக்கிறது!

சித்தி: 😂😂 அந்தச் சீட்டை யாருக்காவது விற்க முடியாதா?

நான்: விற்றால் குற்றம் சித்தி.

தம்பி (டாலஸ்): எனக்கு அதுவும் கிடையாது. H1B வேலை விசாவில் இருப்பவன் அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு டாலர் கொடுத்தாலும் சட்டவிரோதம். ஆனால் என் ஃபோன் எண்ணை முன்பு வைத்திருந்தவர் யாரோ பெரிய கொடையாளர் போலிருக்கிறது. "இன்று நள்ளிரவுக்குள் 5 டாலர் அனுப்புங்கள்" என்று தினமும் நான்கு செய்தி வருகிறது.

மாமா: உன் அம்மாவுக்கும் அங்கே ஓட்டு இல்லையே. அவள் மட்டும் எப்படிக் கொடுக்கலாம்?

நான்: அதுதான் வேடிக்கை. கிரீன் கார்டு இருந்தால் ஓட்டுப் போட முடியாது, நன்கொடை கொடுக்கலாம். அதனால் இந்தச் சீட்டும் அவர்களுக்கு உண்டு, விண்ணப்பித்து வாங்க வேண்டும். நான் குடியுரிமை வாங்கி ஓட்டர் பட்டியலில் இருப்பதால் எனக்குத் தானாகவே வந்துவிடும். ஒரே வீட்டில் அம்மாவுக்குச் சீட்டு மட்டும், எனக்குச் சீட்டும் ஓட்டும்.

மாமா: இந்தப் பணம் யாருடையது?

நான்: சொத்து வரி. 2015இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு 30 லட்சம் டாலர், பத்து வருடத்துக்கு. 2017 தேர்தலில்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். எங்கள் வீட்டின் பங்கு வருடத்துக்கு ஒரு பிரியாணி விலைகூட வராது.

மாமா: பிரியாணி விலையோ என்னவோ, என் வரிப் பணம் எனக்குப் பிடிக்காதவனுக்குப் போனால் விடமாட்டேன். யாரும் வழக்குப் போடவில்லையா?

நான்: உங்களைப் போலவே இரண்டு வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2019இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது.

அம்மா: யாருக்குக் கொடுக்கிறேன் என்பது வெளியே தெரியுமா?

நான்: தெரியும் அம்மா. மாநகராட்சி இணையதளத்திலேயே போடுவார்கள்.

மாமா: அது நல்லது. இங்கே தேர்தல் பத்திரம் என்று பெயரை மறைத்து வாங்கினார்கள். போன வருடம் பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரி, 25 டாலர் 25 டாலராகச் சேர்த்து ஒருவர் ஜெயிக்க முடியுமா? பணக்காரர்கள் சும்மா விடுவார்களா?

தம்பி (டாலஸ்): விடமாட்டார்கள் மாமா. வேட்பாளர் கையில் கொடுப்பதற்குத்தான் உச்சவரம்பு. தனியாக விளம்பரம் போட்டுச் செலவழிப்பதற்கு வரம்பே இல்லை. செலவழிப்பதும் பேச்சுரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் கம்பெனிகளுக்கும் அதே உரிமை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு வந்தவைதான் வரம்பில்லாமல் பணம் திரட்டித் தனியாகச் செலவழிக்கும் இந்த சூப்பர் பேக் குழுக்கள். 2024 தேர்தலில் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் போட்டார்.

மாமா: 2,000 கோடி ரூபாய்க்கு மேலே! அதன் முன்னால் உன் அம்மாவின் நான்கு சீட்டு எம்மாத்திரம்?

நான்: அது தேசிய அளவு மாமா. எங்கள் ஊரில் 2019இல் நடந்ததைக் கேளுங்கள். வர்த்தக சபையின் தேர்தல் குழுவுக்கு அமேசான் ஏறக்குறைய 15 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் 10 லட்சம் கடைசி மாதத்தில் ஒரே காசோலையாக. மாமன்றத்தில் ஏழு இடத்துக்குப் போட்டி. அந்தக் குழு ஆதரித்தவர்கள் இரண்டு இடத்தில்தான் ஜெயித்தார்கள். அந்தக் குழு தோற்கடிக்க நினைத்த வேட்பாளர்களில் ஒருவர் க்ஷமா சாவந்த்.

சித்தி: அது மராத்திப் பெயர் அல்லவா?

நான்: பெயர் அப்படி. பிறந்தது பூனேயில், தமிழ்க் குடும்பத்தில். சோஷலிஸ்ட். தேர்தல் இரவு எண்ணும்போது பின்தங்கித்தான் இருந்தார். இங்கே எல்லாமே தபால் ஓட்டு, எண்ண நாள் கணக்கில் ஆகும். கடைசியில் வந்த ஓட்டுகளில் முந்திவிட்டார்.

மாமா: அப்படியானால் சீட்டுதான் ஜெயித்தது என்கிறாயா?

நான்: அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய காசோலையைப் பார்த்துக் கோபத்தில் ஓட்டுப் போட்டவர்கள் நிறையப் பேர். சீட்டை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் குறைவு. பாதி வீடுகளில் பீட்சா விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேட்பாளர் பணக்காரர் வீட்டு விருந்துக்கு மட்டும் போகாமல் எங்கள் தெருவுக்கும் வருகிறாரே, அது இந்தச் சீட்டால்தான்.

மார்ச் 2025

அம்மா: இன்று இரண்டு பெண்கள் தனித்தனியாக வந்தார்கள், வேறு வேறு கட்சிக்கு. இரண்டு சீட்டு ஒருத்திக்கும் ஒரு சீட்டு மற்றவளுக்கும் கொடுத்துவிட்டேன்.

நான்: கட்சி இல்லை அம்மா, இங்கே மாநகராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அவர்கள் இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்களின் ஆட்கள்!

அம்மா: அதனால் என்ன? இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். காபி கொடுத்தேன், ஒருத்தி மட்டும் குடித்தாள்.

சித்தி: அவளுக்குத்தான் இரண்டு சீட்டா அக்கா?

அம்மா: ஆமாம்.

ஆகஸ்ட் 2025

நான்: ஓட்டுச் சீட்டு வந்துவிட்டது. மேயர் பதவிக்கு முதல் சுற்று. அதோடு, இந்த வவுச்சர் திட்டத்தை இன்னும் பத்து வருடம் நீட்டிக்கலாமா என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. வருடத்துக்கு 45 லட்சம் டாலராக உயர்த்தச் சொல்கிறார்கள்.

மாமா: இல்லை என்று போடு.

அம்மா: அண்ணா, நீங்கள் சும்மா இருங்கள். ஆமாம் என்று போட்டுவிட்டாள். நூலகத்து வாசலில் பெட்டி இருக்கிறது. கவரை நான்தான் உள்ளே தள்ளினேன்.

மாமா: உனக்கு ஓட்டு இல்லையே, அது தப்பில்லையா?

நான்: கவரில் இருப்பது என் கையெழுத்து மாமா. அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெட்டியில் யார் போட்டாலும் சரி.

சித்தி: விரலில் மை வைத்தார்களா? ஃபோட்டோ போடு.

அம்மா: மை எல்லாம் இல்லை. பெட்டியோடு நின்று எடுத்தது இருக்கிறது, அனுப்புகிறேன்.