பேத்தாலஜிஸ்ட்: நோயியலாளரா, நோய்முதல் நாடுநரா, நோயுரைஞரா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். உடலிலிருந்து எடுத்த திசுவையும் குருதியையும் ஆய்வகத்தில் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவரான ‘பேத்தாலஜிஸ்ட்’ என்பவருக்கு உரிய தமிழ்ச்சொல் பற்றி இங்கு நடந்துவரும் உரையாடலை முழுவதும் படித்தேன். நோயாளிகளுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது எழுந்த ஐயம் இது என்பதால், அகராதியில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டோம் என்ற அளவில் நாம் நின்றுவிட முடியாது; சேலத்தில் ஏதோ ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குப் படித்தவுடன் பிடிபடும் சொல்லாகவும் அது இருக்க வேண்டும். நான் மருத்துவன் அல்லன். இருபத்தாறு ஆண்டுகள் திசு ஆய்வகத்தில் நுட்புநராக (டெக்னீஷியன்) இருந்து ஓய்வு பெற்றவன். என் தந்தை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வணிகம் செய்தவர். நான் முன்வைக்கப் போகும் சொல்லுக்கு இந்த இரண்டு பின்னணிகளும் காரணம் என்பதால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

முதலில் புழக்கத்தில் உள்ளவற்றைப் பார்ப்போம். ‘நோய்க்குறியியல்’ என்ற சொல் பல இடங்களில் காணப்படுகிறது. ஆனால் நோய்க்குறி என்றால் காய்ச்சல், இருமல், எடைக்குறைவு போன்ற அறிகுறிகள் என்றே தமிழ் படித்தவர் எவரும் கொள்வார். அந்தக் குறிகளைக் கேட்டறிபவர் நோயாளியின் எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவர். நாம் பெயர் தேடும் மருத்துவரோ பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது நோய் திசுவில் விட்டுச்சென்ற மாற்றத்தை. ஆகவே இச்சொல் நீளமானது என்பதைவிடத் தவறான ஆளைச் சுட்டுகிறது என்பதே என் முதன்மையான மறுப்பு. ‘நோயியலாளர்’ என்பதில் பொருட்குற்றம் இல்லை, ஒலிக்குற்றம் உண்டு. வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது ‘நோயாளர்’ என்றே தெரியும். ‘நோயியலாளர் கையொப்பம்’ என்று அச்சிட்ட படிவத்தில் நோயாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர்மேல் நாம் குறை சொல்ல முடியாது. மக்கள் வழக்கில் உள்ளது ‘லேப் டாக்டர்’. இதை நண்பர்கள் சிலர் ஏளனமாகக் குறிப்பிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலும் மூன்று ஆண்டுகள் எம்.டி. படித்து வந்த ஒருவரை டாக்டர் என்று அது சரியாக அடையாளம் காட்டுகிறது. நம் கலைச்சொற்களில் பல அதைக்கூடச் செய்வதில்லை.

ஏற்காட்டிலிருந்து எழுதிய நண்பர் ‘நோய்முதல் நாடுநர்’ என்றார். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளடி நம் எல்லோர் நாவிலும் இருப்பதால் இந்தச் சொல் காதுக்கு உடனே இனிக்கிறது. சற்று நின்று பார்த்தால் இரண்டு இடர்கள் தெரிகின்றன. நாடுதல் எல்லா மருத்துவருக்கும் பொது. நோய்முதல் என்பது நோயின் காரணம். காசநோய் ஐயத்துடன் வரும் திசுவில் சீல்-நீல்சன் சாயமேற்றி, நீலப் பின்னணியில் சிவப்புக் கீற்றாகக் கிருமி தெரிந்தால், காரணத்தையே கண்டுவிட்டோம் என்று சொல்லலாம். ஆனால் குடலில் இருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியைப் பார்ப்பவர் அது ஏன் வந்தது என்று சொல்வதில்லை. அது எந்த வகை, குடற்சுவரின் எந்த அடுக்குவரை புகுந்திருக்கிறது, வெட்டிய விளிம்பில் மிச்சம் இருக்கிறதா, நிணநீர்க்கணுக்கள் எத்தனையில் பரவியிருக்கிறது என்று சொல்கிறார். அடுத்த சிகிச்சை இந்த விடைகளின்மேல்தான் நிற்கிறது. ஆகவே குறளடி அழகாக இருந்தும் அளவு பொருந்தவில்லை.

அப்படியானால் இந்த மருத்துவரின் வேலையில் உயிரான பகுதி எது? எங்கள் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஓர் இளைஞருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, மாலையில் காய்ச்சல் வருகிறது, எடை குறைந்திருக்கிறது. காசநோயாகவும் இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் குறிகள் ஏறத்தாழ ஒன்றே. முன்னதற்குக் குறைந்தது ஆறு மாதம் கூட்டு மருந்து. பின்னதற்கு வேறு வகையான மருந்தேற்றம். மாற்றிக் கொடுத்தால் நோய் வளரும், காலமும் போய்விடும். கணுவை வெட்டியெடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டு எங்களிடம் அனுப்புவார்கள். ஃபார்மலின் திசுவின் பருமனைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். பிறகு நீர் நீக்கி, மெழுகு ஏற்றி, மெழுகுக்கட்டியாக வார்த்து, மூன்று முதல் ஐந்து மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்டுக் கொடுப்பது வரை நுட்புநர் வேலை. அதற்குமேல் அந்த அறையில் ஓர் அமைதி இருக்கும். தகட்டில் குதிரைலாட வடிவில் உட்கருக்கள் ஓரத்தில் அடுக்கிய பேரணுக்களும், நடுவே பாலாடைக்கட்டிபோல் உதிரும் அழிவும் தெரிந்தால் எண்ணம் காசநோய்ப் பக்கம் போகும். ஆந்தையின் இரு கண்கள் விழித்துப் பார்ப்பது போன்ற இரட்டை உட்கரு அணு தெரிந்தால் ஹாட்ஜ்கின் புற்றின் பக்கம் போகும். கருவி இதைச் சொல்லாது. பார்த்த ஒருவர் தம் சொற்களில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

சாயம் என்ற சொல்லைத் தெரிந்தே எழுதினேன். ‘ஸ்டெயினிங்’ என்பதற்கு முன்பு ஒருவர் முன்மொழிந்த ‘கறையேற்றல்’ வேண்டாம். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஹிமட்டாக்சிலின் என்ற சாயம் ஒரு மரத்தின் வைரப்பகுதியிலிருந்து வருவது. துணிக்குச் சாயமாகவும் பயன்பட்டது. ஆய்வகத்தில் அதைப் பிடிக்க வைக்கப் படிகாரம் சேர்க்கிறோம். சாயப்பட்டறைகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைக் கறை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி என் முன்மொழிவு. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வெள்ளியின் தரத்தை ‘எத்தனை டச்’ என்றுதான் கேட்பார்கள். என் சிறுவயதில் அதைப் பார்க்கும் முறை, கருங்கல்லில் உரைத்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த உரையாணியின் கோட்டையும் இழுத்து, இரண்டையும் ஒப்பிடுவது. கல்லில் விழுந்த கோடு எல்லோர் கண்ணுக்கும் ஒரே கோடுதான். அதைப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்தவர் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர் சொல்லை நம்பித்தான் பணம் கைமாறும். தமிழில் உரைத்தல் என்றால் தேய்த்துத் தரம் காண்பது. உரைத்தல் என்றால் எடுத்துச் சொல்வது. உரை என்றால் மூலத்தைப் படித்துப் பொருள் விளக்குவது. நாம் பெயர் தேடும் மருத்துவர் இந்த மூன்றையும் செய்கிறார். சிறு துண்டை வைத்து முழுமையின் தரம் காண்கிறார், திசுவை மூலமாகக் கொண்டு பொருள் கொள்கிறார், பிறர் செயல்படும்படி எடுத்துச் சொல்கிறார். ஆகவே அவரை ‘நோயுரைஞர்’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. ‘வழக்குரைஞர்’ என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால் அமைப்பு புதிதாக இராது. புணர்ச்சியும் நேரானது, தாயுள்ளம் போல நோயுரைஞர், இடையே யகரம் இரட்டிக்க வேண்டியதில்லை.

மறுப்புகளை நானே எழுதிவிடுகிறேன். வழக்குரைஞர் ஒரு கட்சிக்காகப் பேசுகிறார், அப்படியானால் நோயுரைஞர் நோயின் சார்பில் வாதாடுபவரா என்று என் மகள் கேட்டாள். சிரித்தேன், ஆனால் கேள்வி நியாயமானது. ‘நோயுரை மருத்துவர்’ என்று விரித்து எழுதினால் அந்த மயக்கம் நீங்கும். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் அப்படி எழுதி, பிறகு சுருக்கலாம். அடுத்தது ரகர றகர மயக்கம். அறுவை மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே திசுவைச் சுழியத்துக்குக் கீழ் இருபது டிகிரி அளவில் உறைய வைத்துச் சீவி, இருபது நிமிடத்துக்குள் விடை சொல்லும் முறைக்கு ‘உறைவெட்டு’ என்று சென்ற வாரம் இங்கேயே ஒப்புக்கொண்டோம். ‘உறைவெட்டு நோயுரை’ என்று வாய்விட்டுச் சொன்னால் நாக்கு சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. எழுத்தில் இடர் இல்லை என்பதால் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. உங்களுக்குப் பெரிதாகத் தோன்றினால் சொல்லுங்கள்.

வெள்ளிக்கடைச் சொல் என்பதற்காக எல்லாவற்றையும் உள்ளே இழுக்க நான் விரும்பவில்லை. தரம் பார்க்க வெட்டியெடுக்கும் சிறு பொன்துண்டுக்கு ‘மச்சம்’ என்று பெயர். பழைய அகராதிகளிலும் இப்பொருள் உண்டு. ‘பயாப்சி’க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தேன். தோலில் உள்ள மச்சம் கருத்து வளர்கிறது என்று வருபவரிடம் ‘மச்சத்திலிருந்து மச்சம் எடுக்க வேண்டும்’ என்று சொல்ல நேரும் என்று தோன்றிய நாளில் அந்த ஆசையை விட்டுவிட்டேன். ‘திசுத்துண்டு ஆய்வு’ என்பதே இருக்கட்டும்.

‘நோய்தேர் மருத்துவர்’ என்று வைக்கலாமே என்றால், அதுவும் நல்ல சொல்தான். வினைத்தொகை, சுருக்கம், பழந்தமிழ்ப் பொருளில் தேர்தல் என்றால் ஆராய்ந்து தெளிதல். ஆனால் இன்றைய காதுக்குத் தேர்வு என்றால் பள்ளிப் பரீட்சை, தேர்தல் என்றால் ஓட்டு. தவிர, ஏற்காட்டு நண்பர் காப்பித் தோட்டத்துக்காரர். காப்பி இலையின் அடியில் ஆரஞ்சுநிறத் தூளாகப் படியும் துருநோயைக் கண்டு சொல்பவரும் ஒரு பேத்தாலஜிஸ்ட்தானே, அவர் மருத்துவர் இல்லையே என்று அவரே முன்பு கேட்டிருக்கிறார். தாவர நோயுரைஞர் என்றால் அங்கும் பொருந்துகிறது. துறையின் பெயரை மாற்ற நான் கேட்கவில்லை. நோயியல் என்பது வேளாண்மையிலும் மருத்துவத்திலும் வேரூன்றிவிட்டது; ஆளுக்கு நோயுரைஞர், அறிக்கைக்கு நோயுரை என்று வந்தால் போதும்.

அறிக்கைக்கு ஏன் தனிப்பெயர் என்று கேட்கலாம். மார்பகப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். புற்று என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்த காலம் போய்விட்டது. உட்கருக்களில் ஒரு விழுக்காடேனும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கு) சாயம் பிடித்தால் ஏற்பி உண்டு என்று எழுதுகிறார்கள். ஹார்மோன் தடுப்பு மாத்திரை பயன்படுமா என்பது அந்த வரியில் தொடங்குகிறது. ஹெர்-2 என்ற புரதத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். 3 என்றால் 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துக்கு வழி திறக்கிறது. 2 என்றால் இரண்டுங்கெட்டான். மரபணுப் பிரதிகளை எண்ணும் மற்றொரு சோதனைக்குப் போக வேண்டும். திசு ஃபார்மலினில் 6 மணிநேரத்துக்குக் குறையாமலும் 72 மணிநேரத்துக்கு மேற்படாமலும் ஊறியிருந்தால்தான் இந்த விடைகளை நம்பலாம். ஒவ்வொரு முறையும் ஏற்பி உண்டு என்று முன்பே தெரிந்த திசு ஒன்றையும் பக்கத்தில் சாயமிட்டு ஒப்பிடுவோம். எனக்கு அது தந்தையின் உரையாணியாகவே தோன்றும். இத்தனையும் சேர்ந்த ஒன்றை ‘ரிசல்ட்’ என்றோ ‘முடிவு’ என்றோ சொன்னால், இயந்திரம் துப்பிய எண் என்றே படிப்பவர் எண்ணுவார்.

நோயுரையின் மொழிநடையிலும் நாம் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த அறிக்கைகளில் உறுதியின் படிகள் உண்டு. ஐயமே இல்லாதபோது நோயின் பெயர் நேராக வரும். ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்றால் கண்டவை அந்த நோயோடு ஒத்துவருகின்றன. ‘சஜஸ்டிவ் ஆஃப்’ என்றால் அந்தப் பக்கம் சுட்டுகின்றன. ‘ரூல்டு அவுட்’ செய்ய முடியவில்லை என்றால் அதை இன்னும் விலக்க இயலவில்லை. ‘ஒத்துவருகிறது’, ‘சுட்டுகிறது’, ‘விலக்க இயலவில்லை’ என்ற மூன்றையும் இதே வரிசையில் நிலையான வாய்பாடாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். கையேட்டின் இப்போதைய வரைவில் மூன்றுக்கும் ‘இருக்கலாம்’ என்றே உள்ளது. இதை நான் மிகப் பெரிய பிழையாகக் கருதுகிறேன். விலக்க இயலவில்லை என்று எழுதியதை இருக்கலாம் என்று படித்துவிட்டு வீட்டில் அழுகை தொடங்கிவிடும். சுட்டுகிறது என்பதை இருக்கலாம் என்று படித்துவிட்டு, ‘லாம் தானே’ என்று அடுத்த சோதனைக்கு வராமல் போய்விடுபவரும் உண்டு. ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்பதற்கு ‘நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுக் கொள்க’ என்று விரித்தே எழுதிவிடலாம்.

பேத்தாலஜிஸ்ட் என்றாலே பிணக்கூறாய்வு செய்பவர் என்ற குழப்பத்தையும் கையேட்டில் ஒரு வரியில் தீர்த்துவிடலாம். நம் நாட்டில் வழக்கு தொடர்பான பிணக்கூறாய்வு சட்ட மருத்துவத் துறையின் பொறுப்பு. நோயுரைஞரிடம் திசு போகிறது என்பதாலேயே யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஊசியால் உறிஞ்சியெடுத்த அணுக்களை மட்டும் பார்ப்பவருக்கு ‘உயிரணு நோயுரைஞர்’ என்றும், வெட்டியெடுத்த திசுவைப் பார்ப்பவருக்குத் ‘திசு நோயுரைஞர்’ என்றும் கிளைப்பெயர்கள் எளிதாக வருகின்றன. இரத்த வங்கியையும் குருதி எண்ணிக்கையையும் மேற்பார்க்கும் பிரிவுக்கு ‘கிளினிக்கல் பேத்தாலஜி’ என்ற பெயரில் உள்ள ‘கிளினிக்கல்’ எனக்குப் பிடிகொடுக்கவில்லை. ‘ஆய்வக நோயியல்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் திசுப் பிரிவும் ஆய்வகம்தானே என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. கையேட்டின் நான்காம் பக்கத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மற்றத் திருத்தங்களை இட்டு இன்றே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து