பெரிய வீட்டுக் குழுவில் தேர்தல் நாள்

குழு: பெரிய வீடு, கும்பகோணம்

2025 நவம்பர் 4, செவ்வாய், பிற்பகல் 2.48

ரவி: எல்லோருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில், எடிசனில் விடியற்காலை நாலேகால். நிலா குளித்துக் கிளம்பிவிட்டாள். இன்று நியூ ஜெர்சி ஆளுநர் தேர்தல். அவளுக்கு வாக்குச்சாவடியில் வேலை.

கமலா: என்னது? 17 வயசுப் பிள்ளைக்கா? அவளுக்கு ஓட்டே கிடையாதே!

ரவி: ஓட்டு பிப்ரவரியில் வரும் அக்கா. ஆனால் இந்த மாநிலத்தில் 16 வயதானாலே சாவடி வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தாள். 5.15க்கு அங்கே இருக்க வேண்டும். 6 மணிக்குக் கதவு திறந்தால் இரவு 8 வரை வாக்குப்பதிவு. நாளுக்கு 300 டாலர்.

செல்வம்: 300 டாலரா! நான் பூத்தில் உட்கார்ந்தால் ஒரு பொட்டலம் தக்காளி சாதம்.

குமார்: முட்டை எங்கள் பொட்டலத்தில் மட்டும்தான் இருக்கும் மச்சான், தெரியும்தானே.

மணி: ரவி, எந்தக் கட்சிக்கு ஏஜென்ட்டாகப் போகிறாள்?

ரவி: ஏஜென்ட் இல்லை அண்ணே, அலுவலர். நீங்கள் பார்த்த அதே வேலை. ஆனால் இங்கே வாத்தியார்களைப் பிடித்து அனுப்புவதில்லை. ஊர்க்காரர்களையே போடுகிறார்கள், ரெண்டு பெரிய கட்சியிலும் சம எண்ணிக்கையில். டெமாக்ரட் ரெண்டு பேர் என்றால் ரிபப்ளிகன் ரெண்டு பேர். எந்தக் கட்சியிலும் பதியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நிலா அந்தக் கணக்கில்.

மணி: கட்சிக்காரனையே அலுவலராக உட்கார வைத்தால் உருப்படுமா? என்னை எத்தனை தேர்தலுக்கு அனுப்பினார்கள், ஒரு தடவைகூட நம் ஊர்ப் பக்கம் போட்டதில்லை. தெரிந்த முகம் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கே.

ரவி: இங்கே கணக்கு வேறு அண்ணே. இவரை அவர் பார்க்கிறார், அவரை இவர் பார்க்கிறார்.

மணி: அது நம் ஊரில் ஏஜென்ட்டுகள் செய்கிற வேலை. காலை 5.30க்கு மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. எல்லாக் கட்சி ஏஜென்ட்டும் மாற்றி மாற்றிப் பட்டனை அமுக்கிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துப்போனதும் அழித்துவிட்டுத்தான் சீல் வைப்போம். சீலில் உள்ள எண்ணை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள். வெளியே அடித்துக்கொள்கிற ஆட்கள், உள்ளே வந்தால் ஒரே பெஞ்சு. ஒருத்தர் கண்ணாடியை மறந்து வந்துவிட்டார் என்று எதிர்க்கட்சிக்காரர்தான் அவருக்கும் சேர்த்துப் பட்டியலைப் படித்துச் சொன்னார். "இவர் போன ஆடியில் இறந்துவிட்டார், இவள் திருப்பூர் போய்விட்டாள்" என்று ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் எனக்கு வேலை பாதி குறையும்.

ரவி: பிள்ளை இறங்கிவிட்டது அண்ணே. போனை வண்டியிலேயே கொடுத்துவிட்டாள். இனி இரவுதான் பேச்சு.

மாலை 4.05

கமலா: பலமுறை பகிரப்பட்ட செய்தி: ⚠️ அவசரம்! வீட்டுக்கு வரும் எஸ்.ஐ.ஆர். படிவத்தைக் கொடுக்காவிட்டால் ரேஷன் அட்டை ரத்து! எல்லோருக்கும் பகிரவும்!

மணி: கமலா, அழி. ரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வாக்காளர் பட்டியலுக்கான சிறப்புத் தீவிரத் திருத்தம். இன்று முதல் டிசம்பர் 4 வரை வீடு வீடாக வருகிறார்கள். நம் தெருவுக்கு அங்கன்வாடி அம்மாதான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். ரெண்டு பிரதி தருவார், நிரப்பிக் கையெழுத்துப் போட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு ஆவணம் எதுவும் கேட்கமாட்டார்கள். முன்பு தீவிரத் திருத்தம் நடந்தபோது வந்த பழைய பட்டியலில் உன் பெயரோ அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கமலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம்: "அவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள் அண்ணே. தேர்தலுக்கு ஆறு மாதம்கூட இல்லாத நேரத்தில், மழைக்காலத்தில், ஒரே மாதத்தில் இதைச் செய்யச் சொன்னால் கூலிக்குப் போகிறவன் பெயர்தான் முதலில் விழும். திமுக உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது.

குமார்: செத்தவன் ஓட்டும் ரெட்டை ஓட்டும் பட்டியலில் கிடக்கிறதே, அதை எப்போதுதான் எடுப்பது? அதிமுக வரவேற்றிருக்கிறது. சுத்தமாகட்டும்.

செல்வம்: சுத்தம் என்ற பெயரில்…

மணி: போதும். அட்மின் நான். இது வீட்டுக் குழு. ரெண்டு பேரும் வாக்காளர் பட்டியலில் ஒரே பாகத்துக்கு உங்கள் உங்கள் கட்சியின் முகவர்கள். சண்டையைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருண்: தெருவிலும் வேண்டாம் பெரிய மாமா. இதனால்தான் என் வயசுப் பசங்க யாரும் இந்தப் பக்கமே வருவதில்லை. இவர் சொன்னால் அவர் மறுப்பார், அவர் சொன்னால் இவர் மறுப்பார். எங்கள் ஹாஸ்டலில் கட்சி என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

கமலா: ஐயாவுக்கு 19 முடிந்துவிட்டது. ஆறாம் படிவம் கொடுத்துப் பெயர் சேர்க்கச் சொல்லி நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அரசியல் பேச வந்துவிட்டார்.

அருண்: சேர்த்து? போன வருஷம் ஒரு கட்சிக் கூட்டத்துக்கு நண்பன் கூப்பிட்டான் என்று போனேன். இளைஞர் அணி என்று பேனர். நாற்காலி போட்டோம், தண்ணீர் பாட்டில் கொடுத்தோம், கடைசியில் நாற்காலியை மடக்கினோம். மைக்கைப் பிடித்தவர்களில் ஒருத்தர்கூட ஐம்பதுக்குக் கீழே இல்லை. நிலாவுக்கு நாற்காலியும் கொடுத்து 300 டாலரும் கொடுக்கிறார்கள். எனக்குத் தூக்குவதற்கு மட்டும் நாற்காலி.

செல்வம்: அது எந்தக் கட்சி?

அருண்: சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களோ அப்பாவோ ரெண்டு நாளைக்கு அதையே பேசுவீர்கள்.

மணி: பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1989 நாடாளுமன்றத் தேர்தலில்தான் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக ஓட்டுப்போட வந்தார்கள். அதற்கு முன்னால் 21. அந்த வரிசை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல புதுச் சட்டை. அப்புறம் அவர்களுக்கு நாம் என்ன வேலை கொடுத்தோம் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

ரவி: இங்கேயும் பிள்ளைகள் வரிந்துகட்டிக்கொண்டு வருவதில்லை அண்ணே. பக்கத்தில் நெவார்க் நகரத்தில் இந்த ஏப்ரலில் 16, 17 வயதுக்காரர்களுக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டு கொடுத்தார்கள். பதிந்தவர்களிலேயே மிகச் சிலர்தான் வந்து போட்டார்கள்.

அருண்: பார்த்தீர்களா.

ரவி: ஆனால் சாவடி வேலை வேறு மாதிரி. இங்கே லாரா வூட்டன் என்று ஒரு பாட்டி இருந்தார். 79 வருஷம் தேர்தல்தோறும் சாவடியில் உட்கார்ந்தவர். 2019இல் இறந்தார். நடுநிலைப் பள்ளிகளில் குடிமையியல் கட்டாயம் என்று 2021இல் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். சின்னவன் இப்போது அதைத்தான் படிக்கிறான். வீட்டுக்கு வந்து, நகராட்சிக் கூட்டத்துக்கு நீங்கள் ஏன் போவதில்லை என்று என்னைக் கேட்கிறான்.

கமலா: நீ என்ன சொன்னாய்?

ரவி: பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

2025 நவம்பர் 5, புதன், காலை 9.02

நிலா: வணக்கம் பெரியப்பா, அத்தை, எல்லோருக்கும். வந்துவிட்டேன். கால் ரொம்ப வலி. தமிழில் மெதுவாகத்தான் எழுதுவேன்.

மணி: எழுது கண்ணு. சீல் எண் பார்த்தார்களா?

நிலா: பார்த்தார்கள். ஒரு கட்சியிலிருந்து ஒருவர் வாசித்தார், இன்னொரு கட்சியிலிருந்து ஒருவர் எழுதினார். ரெண்டு பேரும் கையெழுத்து. என் வேலை டேப்லட்டில் பெயர் தேடுவது. பெயர் வந்ததும் திருப்பிக் காட்டுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

செல்வம்: யாராவது தகராறு செய்தார்களா?

நிலா: ஒருவர் செய்தார் சித்தப்பா. அவருக்குத் தபால் வாக்குச்சீட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. அவர் அதை அனுப்பவில்லை. நேரே வந்துவிட்டார். அப்படி வந்தால் இயந்திரத்தில் போட முடியாது. தற்காலிக வாக்குச்சீட்டு, காகிதத்தில். அவர் ரெண்டு ஓட்டு போடவில்லை என்று சரிபார்த்த பிறகு எண்ணுவார்கள். நான் சொன்னேன். "சின்னப் பொண்ணு நீ யார் எனக்குச் சொல்ல" என்று கத்தினார். அவருடைய ஓட்டை நாங்கள் திருடுகிறோம் என்று சொன்னார்.

கமலா: அடப்பாவி! நீ அழுதாயா?

நிலா: கொஞ்சம் அழுகை வந்தது. என் இடது பக்கம் ரிபப்ளிகன் அம்மா, வலது பக்கம் டெமாக்ரட் தாத்தா. ரெண்டு பேரும் எழுந்து வந்து அவர் முன்னால் நின்று, தங்கள் கட்சியைச் சொல்லி, அதே விதியைச் சொன்னார்கள். அவர் கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து காகிதத்தை நிரப்பினார். போகும்போது என்னிடம்தான் உறையை எப்படி ஒட்டுவது என்று கேட்டார்.

மணி: சபாஷ்.

நிலா: இன்னொன்று. ஒரு பாட்டிக்குக் கை நடுங்கியது. கூட யாரும் வரவில்லை. உதவி கேட்டார். அப்போது ஒரு ஆள் தனியாகப் போகக் கூடாது. ரெண்டு கட்சியிலும் ஒருவர் ஒருவராகச் சேர்ந்துதான் போக வேண்டும். போனார்கள். திரும்பி வந்து ரெண்டு பேரும் ஒன்றுமே பேசவில்லை.

குமார்: அப்படியானால் அங்கே சண்டையே இல்லையா?

நிலா: மத்தியானம் சாப்பிடும்போது இருந்தது மாமா! மின்கட்டணம் ஏன் இவ்வளவு ஏறியது என்று. அந்த ரிபப்ளிகன் அம்மா ஒரு காரணம் சொன்னார், தாத்தா வேறு காரணம் சொன்னார். எனக்கு ரெண்டுமே பாதி புரிந்தது. சாவடிக்கு வெளியே ஒரு சின்ன அறையில்தான் பேசினார்கள். உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 8 மணிக்குப் பிறகு முடிவுச் சீட்டு மளிகைக்கடை ரசீது மாதிரி நீளமாக வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும்.

ரவி: மிக்கி ஷெரில் ஜெயித்துவிட்டார் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். டெமாக்ரட். எதிரே நின்றவர் ஜாக் சியாட்டரெல்லி.

செல்வம்: உன் தாத்தாவுக்குக் கொண்டாட்டம்!

நிலா: தெரியாது சித்தப்பா. நாங்கள் போகும்போது முடிவு வரவில்லை. அந்த ரிபப்ளிகன் அம்மாதான் என்னை அப்பா வரும்வரை தன் காரில் உட்கார வைத்திருந்தார்.

காலை 9.40

செல்வம்: (படம்) நேற்று வந்த படிவம். 12ஆம் நம்பர் வீட்டுப் பாட்டியுடையது. பழைய பட்டியலில் நம் தெருப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன், பெயர் இல்லை. ஓட்டுப் போட்டதாகப் பாட்டி சத்தியம் செய்கிறார்.

குமார்: நானும் நேற்று ராத்திரி அந்த வீட்டுக்குப் போனேன். எனக்கும் கிடைக்கவில்லை.

அருண்: அப்போது பாட்டி இங்கேதான் இருந்தாரா?

செல்வம்: அட, இல்லை. பாபநாசத்தில் இருந்தார்கள். தாத்தா இறந்த பிறகுதான் மகன் வீட்டுக்கு வந்தார்.

அருண்: அப்படியானால் இங்கே தேடி என்ன பயன்? தாத்தா பெயர், அந்தத் தெரு பெயர் கேட்டு அனுப்புங்கள்.

காலை 10.15

அருண்: (படம்) இவரா பாருங்கள். கணவர் பெயர் ஒத்துப்போகிறது. பாகம் எண், வரிசை எண் மேலே இருக்கிறது. பாட்டி பெயரில் "ல"வுக்குப் பதில் "ள" அடித்திருக்கிறார்கள்.

செல்வம்: இவரேதான்டா! எப்படிக் கிடைத்தது?

அருண்: பட்டியல் எல்லாம் தேர்தல் அலுவலர் தளத்தில் கிடக்கிறது. ஊர் தெரிந்தால் போதும். வகுப்பு இல்லை, அதான் பார்த்தேன்.

குமார்: என்னிடமும் இதே மாதிரி ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

அருண்: சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு நிபந்தனை. அப்பா ஒரு பட்டியல், மாமா ஒரு பட்டியல் என்று தனித்தனியாக அனுப்பக் கூடாது. ஒரே பட்டியல். ஒரே வீட்டுக்கு ரெண்டு பேரும் ரெண்டு தடவை போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

செல்வம்: எங்கள் வட்டச் செயலாளர் பார்த்தால் என்ன நினைப்பார்?

குமார்: எங்கள் ஆளும்தான் கேட்பார். ஒரு முகவர் நாளுக்கு 50 படிவம் வரை கொடுக்கலாம் என்று ஆணையமே சொல்லிவிட்டது மச்சான். நீ வடக்கு வரிசை, நான் தெற்கு வரிசை. யார் ஓட்டு யாருக்கு என்பதை ஏப்ரலில் பார்த்துக்கொள்வோம்.

செல்வம்: வடக்கு வரிசையில் மாடி வீடு அதிகம். நீங்கள் வடக்கு எடுங்கள்.

கமலா: அருண், முதலில் உன் ஆறாம் படிவம். போட்டோ எடுத்து வை.

மணி: ஆறாம் படிவத்தோடு உறுதிமொழிப் படிவமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவன் விஷயத்தில் அப்பா அம்மா விவரமும் கேட்கும். மறந்துவிடாதே.

அருண்: சரி பெரிய மாமா. நிலா, தூங்கிவிட்டாயா? அந்த 300 டாலரை என்ன செய்யப் போகிறாய்?

ரவி: தூங்கிவிட்டாள்.

செல்வம்: (படம்) பட்டியல். மொத்தம் 14 பேர்.

அருண்: மாமா, பாதிப் பெயர் மேல் உங்கள் கை நிழல் விழுந்திருக்கிறது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுங்கள்.