இன்டர்ஃபேஸ்: இடைமுகமா, பொருத்தெல்லையா?

வணக்கம். ‘இன்டர்ஃபேஸ்’ என்பதற்குத் தமிழில், திரை, பொத்தான் என்று பேசும்வரை ‘இடைமுகம்’ போதும். பெரிய கட்டுமானத்தில், இரு ஒப்பந்ததாரர்களின் வேலை சந்திக்கும் இடத்துக்கு அது உதவாது. தண்டையார்பேட்டையில் தரைக்கடியில் இருக்கும் மெட்ரோ, புதுவண்ணாரப்பேட்டைக்குள் மேலே வந்துவிடுகிறது. சுரங்க வேலை முடிந்து பாலம் தொடங்கும் அந்த இடத்தில் முகம் ஏது? ‘பொருத்தெல்லை’ என்கிறேன். பொருத்து தச்சர் சொல். எல்லை என்றதும் ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வி தானாக வரும்.
— தண்டையார்பேட்டை

> பொருத்து தச்சர் சொல்

அதுதான் இடிக்கிறது, ஐயா. கெடுவது பெரும்பாலும் மரமோ கான்கிரீட்டோ அல்ல, எண். ரைன் ஆற்றின் லாஃபன்பர்க் பாலத்தில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் வெவ்வேறு கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்திருந்தன. 27 செ.மீ. வித்தியாசம் இருப்பது இருவருக்கும் தெரியும். திருத்தத்தில் கூட்டல் கழித்தல் மாறியதால் 2003-ல் 54 செ.மீ. பிசகு! நம் எண்ணூர்க் கரையிலும் நிலத்தில் வேலை செய்பவர் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறார். துறைமுகக்காரர் அதற்குக் கீழே உள்ள சார்ட் டேட்டத்திலிருந்து (டேட்டம் என்பது அளவு தொடங்கும் பூஜ்ய மட்டம்; இது கடல் வரைபடத்தினுடையது). கடல்நீர்க் குழாய் கரையேறும் இடத்தில் ‘மட்டம் –3.0’ என்று மொட்டையாக எழுதினால் தீர்ந்தது. உங்கள் சொல் இதைத் தாங்குமா?
— எண்ணூர்

தாங்கும். ‘பொருத்தம்’ பார்ப்பது ஜாதகத்திலும் எண்ணும் கட்டமும்தானே! 12 ஒப்பந்தங்கள் இருந்தால் 66 இணைகள். எல்லாம் ஒன்றையொன்று தொடாது. ஆனால் தொடாது என்பதையும் யாராவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தங்களை நெடுக்கிலும் குறுக்கிலும் எழுதி நிரப்பும் அட்டவணைக்குப் ‘பொருத்தக் கட்டம்’ என்ற பெயரும் இதிலேயே கிடைக்கிறது.
— தண்டையார்பேட்டை

கட்டம் பிடித்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

“பொருத்தெல்லை 14: நிலையச் சுவரில் கேபிள் துளை. அளவும் இடமும் தருபவர்: மின்பணி. ஸ்லீவ் (துளைக்கான குழாய் உறை) வைப்பவர்: சிவில். கான்கிரீட் போடுவதற்கு 21 நாள் முன் வரைபடம் இனி மாறாதபடி உறைய வேண்டும். திருத்த எண், அலகு, டேட்டம், ± எத்தனை மி.மீ. என்பவை கட்டாயம்.”

21 என்பது மாதிரிக்குத்தான். இதை விட்டால் பிறகு கோர் கட்டிங், அதாவது இறுகிய கான்கிரீட்டில் துளை போடுவது. கம்பி அறுபடும், தரைக்கடிச் சுவரானால் ஒழுகும், செலவு யாருடையது என்று கடிதப் போர் வேறு. வாக்கியம் சிவில்காரருக்கு உறுத்தாது. இப்படி எழுதி வைக்கும் ‘இன்டர்ஃபேஸ் கண்ட்ரோல் டாக்குமெண்ட்’டுக்குப் ‘பொருத்தெல்லைக் கட்டுப்பாட்டு ஆவணம்’ மட்டும் வேண்டாம், வாய் வலிக்கிறது. ‘பொருத்தெல்லைப் பதிவு’ போதும்.
— எண்ணூர்