பல மரத்து இலைகள் உதிர்ந்து கலந்து கிடப்பதற்கு ஒரு சொல்

சுங்கை சிப்புட் (மலேசியா), தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு விளக்கப் பலகை செய்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் பழைய ரப்பர் காடு. அதன் ஓரத்தில் மேங்கியமும் (அகேசியா வகை மரம்) ரம்புத்தானும் கலந்து நிற்கின்றன. ரப்பர் இலை மட்டும் கிடக்கும் மண்ணுக்கும், பல மரத்து இலைகள் கலந்து கிடக்கும் மண்ணுக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் தலைப்பு.

கலந்து கிடந்த இடத்தைப் பிள்ளைகள் கையால் கிளறினார்கள். மேலே மொடமொடவென்று காய்ந்த இலை, அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சி வலை போலான இலை, அதற்கும் கீழே கறுத்த மண்ணில் வெள்ளை நூலாய்ப் பூஞ்சை. பார்த்ததை எழுதச் சொன்னால், ஆங்கில 'leaf litter'-ஐ அப்படியே 'இலை லிட்டர்' என்று எழுதுகிறார்கள். "எத்தனை லிட்டர்?" என்று அடுத்த பிள்ளை கேட்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

கிள்ளானிலிருந்து:

'இலைக்குப்பை' என்று போடுங்கள் டீச்சர், எல்லாருக்கும் புரியும். குப்பை என்றால் முதலில் குவியல்தான், இழிவு பின்னால் ஏறியது. சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து மலாயாவுக்கு வட்டிக்கடை வைக்க வந்த நகரத்தார் யாரும் அந்தப் பேருக்காகக் கூசியதில்லை. பழைய பொருளை மீட்பதும் கலைச்சொல் ஆக்கம்தானே?

கூலிம், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி:

தம்பி, வேண்டாம். தோட்டத்தில் குப்பை என்று சொன்னால் கூட்டி ஒதுக்கி நெருப்பு வைப்பார்கள். சட்டம் தடுத்தும் வீட்டுக் கொல்லைகளில் அது நிற்கவில்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவே அடுக்கிவிடுகிறோம். அது மட்கி மண்ணுக்குப் போகிறது, மழை மண்ணை அரிக்காமலும் காக்கிறது. யாரும் அதைக் குப்பை என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் படிக்கிற சொல்லே எரிக்கச் சொல்லக்கூடாது. 'சருகு' இருக்கும்போது வேறெதற்கு அலைய வேண்டும்?

மதுரையிலிருந்து:

ஐயா செம்பனையைச் சொன்னதால் எழுதுகிறேன். 'இலை' என்ற சொல்லே இங்கே நிற்காது. "புறக் காழனவே புல் என மொழிப" என்பது தொல்காப்பிய மரபியல். பனை வெளிவயிரம் உடையது, அதாவது வெளிப்புறம்தான் உறுதி, ஆகவே புல். புல்லுக்கு உரியவை தோடு, மடல், ஓலை. இலை மரத்துக்கு உரியது. செம்பனையும் பனையினம்தானே? அதன் ஓலையை இலைக்குப்பையில் எப்படிச் சேர்ப்பது?

மேங்கியத்திலும் இதே சிக்கல்தான். வளர்ந்த மரத்தில் இலை போலத் தெரிவது தட்டையாகிப்போன இலைக்காம்பு. 'சருகு' என்றால் இரண்டு சிக்கலும் தீரும். வாழைச்சருகு என்று வழங்குகிறோமே, வாழை என்ன மரமா? 'இலைச்சருகு' என்று மட்டும் எழுதாதீர்கள், கூறியது கூறல்.

கோலாலம்பூர், மண்ணியல் படித்தவர்:

சருகு சரி. ஆனால் விஷயமே கலப்பில்தான் இருக்கிறது. இலை எவ்வளவு விரைவில் மட்கும் என்பதை அதிலுள்ள கரிம–நைட்ரஜன் விகிதமும் லிக்னினும் (இலையை விறைப்பாக்கும் பொருள்) பெரிதும் முடிவு செய்கின்றன. நைட்ரஜன் மிகுந்த இலை பக்கத்தில் கிடந்தால், பூஞ்சை இழைகள் அந்த நைட்ரஜனை அது குறைந்த இலைக்குக் கடத்தலாம், அதுவும் விரைவாய் மட்கலாம். டானின் (துவர்ப்புப் பொருள்) மிகுந்த இலை சேர்ந்தால் மற்றதும் மந்தமாகலாம். மேங்கியம் பயறு வகைக் குடும்பம்தான், ஆனாலும் அதன் சருகு தடித்தது, மெதுவாகத்தான் மட்கும். ஆகவே எதையாவது கலந்தால் போதும் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது.

கலவையின் வேகம் பெரும்பாலும் தனித்தனி வேகங்களின் சராசரி அல்ல. அதனால் 'கூட்டுச் சருகு' என்பேன். முடிந்தால் பிள்ளைகளைக் கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வெள்ளீயம் தோண்டிய நிலத்தில் 1920களில் பல இன மரங்களை நட்டு உருவாக்கிய காடு அது.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

ஐயா, 'கூட்டு' என்றதும் பிள்ளைகள் விளக்குமாற்றைத் தேடுகிறார்கள்! வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'பல்மரச் சருகு' என்றால் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

மதுரையிலிருந்து:

பன்மரச் சருகு. லகரம் மகரத்தின் முன் னகரமாகும். பன்மொழி, பன்முகம் போல. அச்சில் இதைத் திருத்திவிடுங்கள்.

கிள்ளானிலிருந்து:

பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'பன்மரம்' என்பதைப் பிரித்துப் படிக்குமா? 'பலமரச் சருகு' என்றால் என்ன குறைந்துவிடும்? புணர்ச்சி விதிக்காகப் பொருளைப் பலிகொடுக்காதீர்கள்.

கூலிம்:

எதுவானாலும் சருகு நின்றால் எனக்குச் சம்மதம். மட்குதல் என்றே எழுதுங்கள், 'மக்குதல்' என்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பில் 'பன்மரச் சருகு', அதன் கீழே 'பல மரங்களின் உதிர்ந்த சருகு' என்று விளக்கம். இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.

கோலாலம்பூர்:

பெரும்பான்மை அதுவென்றால் சரி, என் மறுப்பு நிற்கட்டும். பல மரம் என்கிறது இந்தச் சொல். ஒன்று மற்றதை என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. சருகுப் பெயரில் இல்லாவிட்டாலும் அந்த விளைவுக்குத் தனிச்சொல் வேண்டும். நான் 'கூட்டுவிளைவு' என்று எழுதப்போகிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் தனி இழை தொடங்குங்கள்.