சீகை மரம் பரவிய புல்வெளி மண்ணில் பழைய கரிமத்தைப் பிரித்தறிவது எப்படி?

ஆய்வு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நீலகிரியின் மேல்மலைப் புல்வெளிகளில் சீகை மரம் (வாட்டில் எனப்படும் அயல்நாட்டு மரம்) பரவிய பின் மண்ணிலுள்ள கரிமம் என்ன ஆகிறது என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. மரங்கள் பரவிய இடத்திலும் அதை ஒட்டிய திறந்த புல்வெளியிலும் 30 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கும் வாக்லி–பிளாக் முறையில் அளந்ததில், மொத்தக் கரிமத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாற்றமே நிகழவில்லை என்று எழுதிவிடலாமா? அல்லது புல் விட்டுச்சென்ற கரிமம் குறைந்து, அந்த இடத்தை மரத்தின் கரிமம் நிரப்பியிருக்கக்கூடுமா? அப்படியானால் அதை எவ்வாறு நிறுவுவது?

மண்ணியல் ஆசிரியர்:
மாற்றம் இல்லை என்று இப்போதே எழுதிவிட வேண்டாம். மொத்த அளவு, வரவுக்கும் செலவுக்கும் பின் எஞ்சிய இருப்பை மட்டுமே காட்டும். தங்கள் கேள்விக்குக் கார்பன்-13 ஐசோடோப்பு விகிதம்தான், அதாவது கரிமத்தின் கனமான வகையான கார்பன்-13க்கும் வழக்கமான கார்பன்-12க்கும் உள்ள விகிதம்தான், விடை தரும். ஒளிச்சேர்க்கை நடக்கும் வழியைக் கொண்டு தாவரங்களை சி3, சி4 என வகைப்படுத்துவர்; வெப்பமண்டலப் புற்களில் பல, சி4 வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கார்பன்-13 மதிப்பு (ஒரு பொதுத் தரப்பொருளின் விகிதத்திலிருந்து விலகும் அளவு) ஆயிரத்துக்கு −12 என்ற அளவை ஒட்டி இருக்கும். சீகை உள்ளிட்ட மரங்கள் சி3 வகை என்பதால் அவற்றின் மதிப்பு −27 அளவில் நிற்கும். மரத்தடி மண்ணின் மதிப்பு, புல்வெளி மண்ணின் மதிப்பிலிருந்து எவ்வளவு விலகி மர இலை, வேர்களின் மதிப்பை நெருங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு, புதிய கரிமத்தின் பங்கைக் கணக்கிட்டுவிடலாம்.

மலைப்புல்வெளி ஆய்வாளர்:
மேலே சொன்ன முறை சரியானதே. ஆனால் நீலகிரிக்குப் பாடநூல் எண்களை அப்படியே எடுத்தாளக் கூடாது. அங்குள்ள உயரத்தில் சி3 வகைப் புற்களும் கலந்தே வளர்கின்றன. மேலும், கடந்த 20,000 ஆண்டுகளில் பருவநிலைக்கேற்ப சி3, சி4 தாவரங்களின் விகிதம் அங்கு மாறிமாறி வந்திருப்பதை, சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் அந்த மலையின் சதுப்புக் கரி அடுக்குகளைக் (சதுப்பில் முழுதும் மட்காமல் படிந்த தாவர எச்சங்களை) கொண்டு 1993இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியுள்ளனர். ஆகவே அருகிலுள்ள புல்வெளியின் மதிப்பை ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியே அளந்து, அதே ஆழத்து மரத்தடி மண்ணோடு ஒப்பிடுங்கள். மரமே இல்லாத இடத்திலும் ஆழம் செல்லச் செல்ல மதிப்பு சற்று உயர்வது இயல்பு.

ஆய்வகப் பணியாளர்:
இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். வாக்லி–பிளாக் முறை சராசரியாக 77 விழுக்காடு கரிமத்தையே ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று கொண்டுதான் 1.3ஆல் பெருக்குகிறோம். புல்லுக்குத் தீ வைக்கப்பட்டு வந்த நிலத்தில் மண்ணோடு கலந்துள்ள கரித்துகள்களை டைகுரோமேட் முழுமையாகத் தொடாது; மண்ணை உயர் வெப்பத்தில் எரித்து வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் உலர் எரிப்பு முறையில் மீண்டும் அளப்பதே நல்லது. அடுத்தது, பரும அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட கன அளவிலுள்ள உலர்ந்த மண்ணின் எடை. உருளை வளையத்தில் எடுத்த மண்ணை 105 டிகிரி செல்சியசில் உலர்த்தி எடை பாருங்கள். மரவேர்களால் மண் இளகியிருந்தால் அதே 30 செ.மீ. ஆழத்தில் குறைவான மண்ணே இருக்கும். எனவே சம ஆழத்தை அல்ல, சம மண் எடையை ஒப்பிட வேண்டும்.